மீதமிருந்த மூன்று கேள்விகள்

இன்று காலை ஜெராக்ஸ் எடுக்க ஒரு பெண் வந்தாள். தாயில்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவளாக இருக்க வேண்டும். ரேஷன் கார்டை அவளே கண்ணாடியில் வைத்து நேர்படுத்தினாள். நகல் வெளியே வந்தபோது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தது. குனிந்து பார்த்தேன். அலுமினியப் பொடி. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிற அதே வெள்ளிப் பொடி. துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் பிரௌசிங் சென்டரில் முதல் கேபின் மௌஸில் இந்தக் கறைதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு என் அண்ணன், "ஒன் கூட்டாளி வந்துட்டுப் போயிருக்கா போல" என்பார்.

நீ முதன்முதலில் வந்தது இரண்டாயிரத்து எட்டு தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நாட்களில். சிவகாசியில் எங்கள் சென்டருக்குப் பெண்கள் அதிகம் வரமாட்டார்கள். வந்தாலும் ரிசல்ட் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். நீ செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாய். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"ஏங்க, இயற்கணிதம் இந்தப் பொட்டிக்குள்ளதான் வருமாம்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். தாளை வாங்கிப் பார்த்தேன். தொலைதூரக் கல்வியில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு நடத்தும் வெளியூர்க் கல்லூரி ஒன்றின் கடிதம் அது. பிளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுக்காதவர்கள் முதலில் அடிப்படை இயற்கணிதத்தை இணையத்திலேயே படித்து, இணையத்திலேயே பரீட்சை எழுதித் தேற வேண்டும். எட்டுப் பாடங்கள், கடைசியில் ஒரு பெரிய பரீட்சை. அதை இரண்டு முறைதான் எழுதலாம். எல்லாமே ஆங்கிலத்தில். உன் யூசர் நேமும் பாஸ்வேர்டும் அடியில் இருந்தன.

உன் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்றும், பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டால் வெடிமருந்து செலுத்துகிற அறையிலிருந்து உன்னை ஆபீசுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னாய். எட்டு வருடமாக அந்த அறையில் குழாய்களுக்குள் மருந்து திணித்துக்கொண்டிருந்தாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது, இருபத்தாறு.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். கணக்கு பள்ளிக்கூடத்திலேயே வராது. உனக்கு நேர்மாறு. அதனால் நமக்குள் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. நான் திரையைப் படித்துத் தமிழில் சொல்வேன், நீ கணக்கைப் போடுவாய். என்னை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நான் உனக்கு "இங்கிலீசு".

என் ஆங்கிலத்தின் லட்சணம் இரண்டாம் பாடத்திலேயே தெரிந்துவிட்டது. 'லைக் டெர்ம்ஸ்' எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கவும் என்றிருந்தது. லைக் என்றால் பிடிக்கும் என்பதுதான் எனக்குத் தெரியும். பிடித்த உறுப்புகளைச் சேர்க்கவும் என்று சொல்லிவிட்டேன். நீ கொஞ்ச நேரம் திரையில் இருந்த உதாரணத்தையே பார்த்தாய்.

"சரிதான். எக்ஸுக்கு எக்ஸைத்தான் பிடிக்கும். ஒய்யுக்கு ஒய். மூணு எக்ஸும் ரெண்டு எக்ஸும் அஞ்சு எக்ஸு. ஒய்யக் கொண்டாந்து எக்ஸோட கட்டி வச்சா வாழுமா?"

அந்த டெஸ்டில் பத்துக்குப் பத்து வாங்கினாய். லைக் என்றால் அங்கே ஒரே மாதிரியானவை என்று அர்த்தம் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சொன்னதும் பக்கத்து கேபின்காரர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய். பிறகு, கட்டி வைத்தால் வாழுமா என்று அன்று கேட்டது நினைவுக்கு வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டாய். நான் கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து எட்டு மாதத்தில் திரும்பி வந்தவள் என்பது அதற்குள் உனக்குத் தெரிந்திருந்தது. நீ அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த வருடம் என்னிடம் அதைக் கேட்காதவர்கள் இரண்டு பேர்தான். என்னைப் பெற்ற அத்தா, நீ.

ஞாயிறு பத்து மணிக்கு உன் வீட்டுக்காரர் டி.வி.எஸ் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். லாரிக்கு லோடு ஏற்றுகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு பேப்பர் படித்தபடி இரண்டு மணி நேரம் இருப்பார். எனக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் கவுண்டரில் நேரத்தைக் குறித்துக்கொள்கிற வேலை. உம்மாவின் பெருமூச்சு, உறவுக்காரர்களின் விசாரணை. சனிக்கிழமை வந்தால் மனசு தெளியும். நாளைக்கு நீ வருவாய்.

ஜனவரியில் முதல் முறை பரீட்சை எழுதினாய். நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. அதற்குக் காரணம் நான்தான். படகு ஒன்று ஆற்றில் போய்த் திரும்புகிற கணக்கு வரிசையாக வந்தது. நீரோட்டத்தோடு போவதை எதிர்த்துப் போவதாக மாற்றிச் சொல்லிவிட்டேன். நீ என் மேல் குற்றம் சொல்லவில்லை.

"நம்ம ஊரு ஆத்துல தண்ணி ஓடுனாத்தான ஒனக்கும் எனக்கும் தெரியும், எது மேல எது கீழன்னு. விடு இங்கிலீசு. இன்னொரு தடவ இருக்குல்ல."

இரண்டாவது முறைக்கு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. அந்த இரண்டு மாதமும் நான் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். என் பி.ஏ. படிப்புக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

இனி எழுதப் போவதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருடம் கரெண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சென்டரில் இன்வெர்ட்டர் இருந்தது. பரீட்சை அன்று காலை கடை திறக்கும்போது அண்ணன் சொன்னார்: "பேட்டரி போயிருச்சு. அஞ்சு நிமிசம் தாங்குனா பெருசு. அடுத்த வாரம் புதுசு போட்டுறலாம். அதுவரைக்கும் பரீச்ச எழுத யாரையும் ஒக்கார வைக்காத. வேற சென்டருக்குப் போகச் சொல்லிரு."

சரி என்றேன். என்னைக் கடையில் வைத்துவிட்டு அவர் கிளம்பினார். பத்தரை மணிக்கு நீ வந்தாய். தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, எனக்கும் ஒரு துண்டுப் பூ கிள்ளி எடுத்துக்கொண்டு வந்திருந்தாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெனரேட்டர் வைத்த சென்டர் ஒன்று இருந்தது. நடந்தால் பத்து நிமிடம். அங்கே போ என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே பெண்கள் உட்காரத் தனி இடம் கிடையாது, நான் உன்னோடு வர அண்ணன் விடமாட்டார். நீ வேறு யாரையாவது படித்துச் சொல்ல வைத்து எழுதித் தேறிவிடுவாய். நான் இல்லாமல் தேறிவிடுவாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் ஒருமுறை கரெண்ட் போய் வந்துவிட்டது, இனி போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முதல் கேபினைத் திறந்துவிட்டேன்.

தொண்ணூறு நிமிடம், நாற்பது கேள்வி. நீ அன்று போட்ட வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் பென்சில் ஓடும். படகுக் கணக்கு வந்தது. நீரோட்டத்தோடு, எதிர்த்து என்று விரலால் மேஜையில் இழுத்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு இரண்டே வரியில் முடித்தாய்.

முப்பத்தேழாவது கேள்விக்கு விடையை அமுக்கியபோது மின்விசிறி நின்றது.

இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. எல்லாக் கேள்வியும் முடித்துக் கடைசியில்தான் அனுப்ப முடியும், அது உனக்கும் தெரியும். "படி, படி" என்றாய். முப்பத்தெட்டைப் படித்தேன். பாதி வாக்கியத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்தல் நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

இருட்டுக் கண்ணாடியில் நம் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

"மூணுதான் மிச்சம்" என்றாய். "மூணும் எனக்குத் தெரிஞ்சதாத்தான் இருக்கும்."

கரெண்ட் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. திரும்ப நுழைந்து பார்த்தபோது, உங்கள் வாய்ப்புகள் முடிந்துவிட்டன என்று ஒரு வரி. அதையும் நான்தான் உனக்குத் தமிழில் சொன்னேன். அப்படியே, நீ கேட்காமலே, "சர்வர்ல கோளாறு. அவுக பக்கத்துத் தப்புதான். நம்ம என்ன செய்ய முடியும்?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாய். "அப்படியா" என்றாய். மேஜையில் சிதறியிருந்த கணக்குப் போட்ட தாள்களை அடுக்கி வைத்தாய். வெளியே உன் வீட்டுக்காரர் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

கல்லூரிக்கு மெயில் எழுதினேன். செப்டம்பரில் பாடத்தை முதலிலிருந்து மறுபடி படிக்கலாம் என்று பதில் வந்தது. பேட்டரியை அடுத்த வாரமே அண்ணன் மாற்றினார்.

அதற்குப் பிறகு நீ இரண்டே முறை வந்தாய். பாடம் எதுவும் இல்லை, சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாய். பிறகு ஆர்டர் அதிகம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று ஆகிவிட்டது. ஜூனில் ஒரு மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். புகை உன் கம்பெனிப் பக்கம்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் உன்னை ஒருமுறைதான் பார்க்க விட்டார்கள். சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே தீர்மானித்திருந்தேன். துணி சுற்றியிருந்தது. கண்ணும் வாயும் மட்டும் நீயாக இருந்தாய்.

"இங்கிலீசு. செப்டம்பருக்கு இன்னும் எம்புட்டு நாளிருக்கு?"

"மூணு மாசம் இருக்கு."

"வேற என்ன?"

"நீ பேசாம படு. ஒண்ணுமில்ல."

"வேற ஒண்ணுமே சொல்ல இல்லயா?"

இல்லை என்று தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாய். நர்ஸ் என்னைப் போகச் சொன்னார். மறுநாள் விடியும்போது நீ இல்லை.

நாற்பது நாள் கழித்து உன் வீட்டுக்காரர் சென்டருக்கு வந்தார். அன்றைக்கும் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உன் பெயரில் கம்ப்யூட்டரில் ஏதாவது இருந்தால் அழித்துவிடச் சொன்னார், யாராவது தப்பாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. நீ அன்றைக்குத் தேறியிருந்தால் மே மாதமே ஆபீசுக்குப் போயிருப்பாய், அந்த அறையில் இருந்திருக்க மாட்டாய் என்று அழுதேன்.

"இல்ல தங்கச்சி. அந்த ஆபீஸ் வேலைக்குப் பொங்கலுக்கே வேற ஆளப் போட்டுட்டாக. அவளுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தா? பின்ன எதுக்குண்ணே மார்ச்சுல எழுதுனா?"

"இங்கன வந்து ஒக்காந்தா ரெண்டு மணி நேரம் மருந்து நெனப்பே வராதும்பா."

அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்திருக்கலாம். அவர் அதற்காகத்தான் சொன்னார். ஆனால் வாயைத் திறந்துவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். காலையிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சர்வர் என்று பொய் சொன்னதைச் சொன்னேன்.

அவர் முதல் கேபின் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே பார்த்தார்.

"அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னா தங்கச்சி. 'பேட்டரிதான் நின்னுச்சு, என் காதால கேட்டேன். சர்வருங்குறா. அவளா ஒரு நாள் சொல்லட்டும்னு இருக்கேன்'னா."

அவர் போய்விட்டார். உன் கணக்கை நான் அழிக்கவில்லை. அந்தக் கல்லூரிக்காரர்களே சில மாதம் கழித்து எடுத்துவிட்டார்கள்.

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கட்டிலருகே நின்ற இரண்டு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். நீ கேட்டாய். ஒருமுறை அல்ல, இரண்டு முறை கேட்டாய். தொண்டை வெந்துபோன நிலையில், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, எனக்கு வழி விட்டாய். நான் உன் உடம்புக்கு ஆகாது என்று நினைத்தேனா, எனக்குத் தைரியம் இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நீ என்னை மன்னித்திருப்பாய் என்று எல்லாம் தெரிந்த எங்கள் அண்ணன் சொல்கிறார். மன்னிப்பதற்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ கடைசிவரை காத்திருந்தாய். நான் ஒண்ணுமில்ல என்றேன். உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான், இன்றைக்கும் என் வாயில் அப்படியே இருக்கிறது.