தலையணைக்கு மாட்டிய சட்டை

இன்று காலை அம்மா பால் பாக்கெட்டை வெட்ட உன் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். அடுக்களையிலிருந்து சரக்கென்று அந்தச் சத்தம் கேட்டதும், பல் துலக்கிக்கொண்டிருந்த நான் வாய் நுரையோடு ஓடினேன். "அதத் தொடாதன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன். அவள் அசரவில்லை. "இரும்புதான இது, சாமியா?" என்றாள். பிடுங்கிக் கழுவி என் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உனக்கு எழுதினாலாவது கை கால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் தீக்காய வார்டுக்கு நர்ஸாக வந்தோம். நீ காரியாபட்டியில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். உனக்கு வெடி என்றால் தீபாவளி. எனக்கு அப்படியா? அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பகலில் எங்காவது ஒரு சத்தம் கேட்டால் எங்கள் தெருவே வெளியே வந்து, புகை எந்தத் திசையில் என்று பார்க்கும். அந்தப் பயத்தை நான் வார்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் முகத்தைப் பார்ப்பேன், நம்ம ஆளா என்று. அதோடு கை நடுங்கிப்போகும்.

வெந்த உடம்பிலிருந்து துணியை வெட்டி எடுப்பதுதான் அங்கே முதல் வேலை. அது முடியாமல் டாக்டர் காயத்தையே பார்க்க முடியாது. நானோ கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பேன். ஹெட் சிஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "கை நடுங்குறவங்களுக்கு இங்கன வேலையில்ல. வாசல்ல ஓ.பி. சீட்டுப் பதியிற எடத்துக்கு மாத்திருவேன்." விட்டது சனியன் என்று இருந்தது எனக்கு. நீதான் விடவில்லை. "ஏ புள்ள, உங்க தெரு ஆளுக வெந்து வாரப்ப நீ சீட்டுப் பதிஞ்சுக்கிட்டு இருக்கப் போறியாக்கும்?" என்றாய். அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே ஒரு மூட்டை பழைய துணியோடு வந்தாய். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பொம்பளைக்கே போட்டியாக வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருந்தாய். தலையணைக்குச் சட்டை மாட்டி, மேலே சேலையைச் சுற்றிப் படுக்க வைத்தாய். வார்டு ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னத்தா, தலகாணிக்கு மாப்பிள பாக்கப் போறீகளா?" தினமும் டியூட்டி தொடங்குமுன் இதே கூத்து. கத்தரியின் கீழ் அலகு தோலோடு படுத்துப் போக வேண்டும். ஒட்டியிருக்கும் துணியை இழுக்கக் கூடாது, சுற்றி வெட்டிவிட்டு அப்படியே விட வேண்டும். கீழ் விளிம்பிலிருந்து இடுப்பு வரை நிற்காமல் போக வேண்டும். தலையணை போதாது என்று என் காலையே நீட்டச் சொன்னாய். நல்ல உள்பாவாடை ஒன்று அதில் போயே போச்சு. நான் நிமிரும்போதெல்லாம் அதட்டுவாய்: "முகத்தப் பாக்காத. துணியப் பாரு."

தீபாவளி முடிந்து வார்டு காலியாகக் கிடந்த நாட்களிலும் நீ விடவில்லை. "ஆளே வரல, இப்ப எதுக்குடி?" என்று கத்தரியை வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்தாய், சட்டை போட்ட தலையணையை இடுக்கிக்கொண்டு! கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "அவுகளுக்கும் ஒரு டீ போடவா?" என்றார். எனக்கு மானம் போனது. நீ நின்று நிதானமாக டீயைக் குடித்துவிட்டு, "சீசன்லயா போயி கத்துக்குவ? மனசு வரலைன்னாலும் கை வரணும், புள்ள" என்றாய். உன்னை அடிக்கலாம் போல இருந்தது. ஆனாலும் திரும்பி வந்து வெட்டினேன்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் அந்த நாள் வந்தது. ஆனைக்குட்டம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வெடித்துவிட்டது என்றார்கள். எனக்குக் கவலையில்லை. அம்மா மல்லாங்கிணற்றில் ஒரு காதுகுத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். முதல் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண். தண்ணீரும் சேறும் கரியுமாக, சேலை எது, மேலே போட்ட சட்டை எது என்று தெரியவில்லை. நீ தலைமாட்டில் போய்க் குனிந்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தபடியே மறைத்து நின்றாய். உன் குரல் மட்டும் வந்தது: "முகத்தப் பாக்காத. துணியப் பாரு."

வெட்டினேன். கால் விளிம்பிலிருந்து இடுப்பு வரை. கை நடுங்கவில்லை. ஒட்டிய இடங்களைச் சுற்றி விட்டுவிட்டு, சட்டையின் கையைத் தோள் வரை திறந்தேன். டாக்டர் வந்தபோது எல்லாம் தயார். அடுத்த ஸ்ட்ரெச்சர், அதற்கடுத்தது என்று வந்தவர்களுக்கெல்லாம் வெட்டி முடித்தபின் நீ என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாய். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய். "மொதல்ல வந்தது உங்க அம்மா. பொழச்சுக்கிருவாகன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

காதுகுத்துக்குப் போகாமல், சீசன் கூலி கூடுதலாக வருமென்று வேலைக்குப் போயிருந்திருக்கிறாள் மகராசி. நான் உன்னை அறைந்தேன். ஞாபகமிருக்கிறதா? "ஏன்டி சொல்லல?" என்று அலறினேன். "சொல்லிருந்தா ஒன் கை நின்னுருக்கும்" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய். நீ சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பிறகு கல்யாணம், மாறுதல் என்று போனாய். போகும்போது இந்தக் கத்தரிக்கோலைக் கையில் திணித்தாய். உனக்கு மஞ்சள்காமாலை என்று கேள்விப்பட்டு நான் கிளம்புவதற்குள் உன் உயிர் போய்விட்டது. இப்போது புதுப் பிள்ளைகளுக்கு நான்தான் தலையணைக்குச் சட்டை மாட்டுகிறேன். என்னைக் கண்டாலே ஓடுகிறார்கள். லாரி டயர் வெடித்தால்கூட எழுந்து நின்று கத்தரியைத் தேடுகிறேன். தூக்கம் சரியாக இல்லை. உன்னைத் திட்டிக்கொண்டே மறுநாளும் வெட்டச் சொல்லிக் கொடுக்கிறேன்.

உன்னைக் கடைசியாகப் பார்க்க உன் வீட்டுக்கு வந்த அன்று, வெந்து ஆறிய காலை மடக்கி பஸ்ஸில் உட்கார முடியாது என்று அம்மா வரவில்லை. நான் திரும்பியதும் வாசலிலேயே மறித்து அழுதாள். "என்னப் பொழைக்க வச்ச புள்ளடி அது. என்ன சேல உடுத்திவிட்டிருந்தாக அதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் நிறம்கூட நினைவில் இல்லை.

"அம்புட்டு நேரம் அங்கன நின்னு என்னத்தத்தான் பாத்த?" என்றாள்.

உன் முகத்தைத்தான்.