ஓ.டி.பி. மகளுக்குப் போகிறது

8.9, திங்கள்

காலையில் தூறல். நேற்று பௌர்ணமி கிரிவலம். தெருவெல்லாம் தண்ணீர் பாட்டில், பிரசாதத் தொன்னை. நான்கரைக்கே விழிப்பு. வேலை போய் இருபது நாள் ஆகியும், கம்பெனி பஸ் பிடிக்கிற பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. செருப்புக் கம்பெனி, தோல் வெட்டுகிற பிரிவு, பதினேழு வருஷம். ஆர்டர் கம்மி என்று ஒரே மதியத்தில் நாற்பது பேரை அனுப்பினார்கள். அந்த மட்டில் எனக்கு முப்பத்தொன்பது பேர் துணை.

வேங்கிக்கால் போனேன். வேலை போனவர்களுக்கு அங்கே இ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கொஞ்ச நாள் உதவித்தொகை உண்டாம். கொண்டு போனவை: ஆதார், பேங்க் பாஸ்புக், கம்பெனி லெட்டர், போட்டோ இரண்டு (இரண்டிலும் திருடன் மாதிரி இருக்கிறேன்). கவுண்ட்டர் மேடத்துக்கு என் மகள் வயசு.

"ஆன்லைன்ல போட்டுட்டு பிரிண்ட் எடுத்துட்டு வாங்கய்யா. ஆதார்ல குடுத்த போனுக்கு ஓ.டி.பி. வரும். அதப் போட்டாத்தான் உள்ள போகும்."

அங்கேதான் மாட்டினேன். ஆதாரில் இருப்பது என் மகள் சுகன்யாவின் நம்பர். என்னுடையது பட்டன் போன். எது கேட்டாலும் அவள் நம்பரையே எழுதிக் கொடுத்தேன். படித்த பொண்ணு, பார்த்துக்கொள்ளும் என்று பெருமை வேறு.

அவள் சென்னையில், பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. தலைப்பிரசவம் நம் வீட்டில் ஆகவேண்டியது. டாக்டர் பயணம் கூடாது என்றதால் மல்லிகா, என் வீட்டுக்காரி, அங்கே போனாள். பேரன் பிறந்த மூன்றாம் நாள் எனக்கு வேலை போச்சு. பச்சை உடம்புக்காரியிடம் இதையா சொல்வது? பேரனை இன்னும் பார்க்கவில்லை. "லீவு தர மாட்றாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனால் மல்லிகா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். போனில் முகம் தெரியாது.

ராத்திரி ரசம். உப்பு ஜாஸ்தி.

9.9, செவ்வாய்

வெயில். நல்ல யோசனை: ஆதாரில் நம்பரை மாற்றிவிட்டால்? ஆதார் சென்டர். டோக்கன் 31. மிஷினில் விரல் வைத்தேன். பத்து விரலும் ஃபெயில்.

"இன்னா வேலைண்ணா பண்றீங்க? ரேகையே இல்ல" என்றான் மிஷின்காரன்.

"தோல் வெட்டறது."

"உங்க தோலையேவா?"

க்யூவே சிரித்தது. நானும் சிரித்தேன். எண்ணெய் தடவிக்கொண்டு பத்து நாள் கழித்து வரச் சொன்னான். கம்பெனி அனுப்பியது என்னை மட்டும்தான், ரேகையை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

10.9, புதன்

பகலில் வீட்டில் இருந்தால் எதிர்வீட்டுக்காரர் கேட்பார். அதனால் தினமும் மலையைச் சுற்றி நடை. இந்த ஊரில் அது ஒரு வசதி, சும்மா நடக்கிறவனைப் பக்திமான் என்று நினைப்பார்கள். அடி அண்ணாமலை தாண்டி மரத்தடியில் உட்கார்ந்தேன். ஆறு நாள் தாடி. ஒரு வெளியூர் புருஷன் பெண்சாதி எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் கையில் வைத்து, காலில் விழுந்தார்கள்.

"சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க. பையனுக்கு நல்ல வேலை கெடைக்கணும்."

ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார்கள். இருந்தாலும் மனசாரச் செய்தேன். சாதம் நன்றாக இருந்தது.

சாயங்காலம் சுகன்யா போன். "பஸ் லேட்டாப்பா?" "ஆமாம்மா, சேத்துப்பட்டுல ட்ராஃபிக்." பின்னால் பேரன் அழுகிற சத்தம். போனை வைத்த பிறகும் காதில் வைத்திருந்தேன்.

12.9, வெள்ளி

மேகமூட்டம். பிரவுசிங் சென்டர். நடத்துகிற பொண்ணு, "பொண்ணுக்கு போன் போடுண்ணா, நம்பரக் கேட்டா சொல்லப்போவுது. எதுக்குனு தெரியவா போவுது?" என்றாள். போட்டேன்.

"கண்ணு, ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

"எதுக்குப்பா?"

"கேஸ் சிலிண்டருக்கு."

சொன்னாள். உள்ளே போய்விட்டது. பிரிண்ட் வந்தது. 'தற்சமயம் எந்த வேலையிலும் இல்லை' என்று இருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்து. பதினேழு வருஷ அட்டெண்டன்ஸில் போட்ட அதே கையெழுத்துதான்.

கிளம்பும்போது அந்தப் பொண்ணு, "விண்ணப்பம் ஏத்துக்கினோம்னு இன்னொரு மெசேஜ் வரும்ணா. அதுவும் அந்த நம்பருக்குத்தான் போவும்" என்றாள்.

"அதுல இன்னா இருக்கும்?"

"எல்லாந்தான். வேலையிழப்பு உதவினு."

திரும்ப உட்கார்ந்தேன். மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து.

13.9, சனி

சுகன்யாவின் போன் வரவில்லை. காலையிலும் இல்லை, சாயங்காலமும் இல்லை. இருபத்தைந்து நாளில் முதல் முறை. சார்ஜ் இருக்கிறது, டவர் இருக்கிறது. ஒரு முறை மணி அடித்தது, லோன் வேண்டுமா என்று ஒரு அம்மாள். பாவம், ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். அவளே கட் செய்தாள்.

பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இரண்டாவது சனி, ஆபீஸ் லீவு. திறந்திருந்தாலும் போயிருப்பேனா தெரியாது.

சமைக்கவில்லை. வீட்டில் இவ்வளவு கதவுகளா என்று தோன்றியது. நான் செய்தது நல்லதற்கா, வெட்கத்திலா? பச்சை உடம்பு பச்சை உடம்பு என்று சொல்லிக்கொண்டேன். மறைந்துகொண்டது நான்.

14.9, ஞாயிறு

எட்டு மணிக்கு சுகன்யா.

"அந்த மெசேஜ மூணு தபா படிச்சேன்ப்பா."

எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினேன்.

"நேத்து எப்டி பேசறதுனே தெரியல. பேசினா அழுதுடுவேன். பால் குடுக்கறப்ப அழக்கூடாதுன்றாங்க."

"அம்மாவுக்குத் தெரியாதில்ல?"

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு மல்லிகா. "பகல் பதினோரு மணிக்கு போன் பண்ணி பெருங்காயம் எங்கனு கேட்டீங்களே, அன்னிக்கே தெரியும். கம்பெனி கேட்லயே போன வாங்கி வெச்சுக்குவாங்கனு சொல்வீங்க இல்ல?"

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கனு பாத்தேன். சொல்றாப்பல தெரியல. தினம் ஒரு ட்ராஃபிக் சொல்றீங்க. சிரிப்பு வேற வருது எனக்கு, அழுவையும் வருது."

எனக்கும் இரண்டும் வந்தது. பிறகு அவள் குரல் மாறியது. "மத்ததெல்லாம் அப்பறம். கொழந்தையப் பாக்காம எப்டிங்க இருந்தீங்க?"

பரண் மேலிருந்து பையை இறக்கினேன்.

15.9, திங்கள்

முதல் ஆளாக வேங்கிக்காலில் பிரிண்ட்டைக் கொடுத்துவிட்டேன். மேடம் சீல் குத்தினார். பணம் வர நாளாகுமாம், வந்தால் வரட்டும். அங்கிருந்தே பஸ் ஸ்டாண்ட். சென்னை பஸ், ஜன்னல் சீட். கையெழுத்து ஆடுகிறது.

பக்கத்து சீட்டுப் பெரியவர்: "இன்னா வேலைங்க உங்களுக்கு?"

"வேலை போச்சுங்க. பேரனப் பாக்கப் போறேன்."

இதை இவ்வளவு சத்தமாக நான் சொன்னது முதல் முறை. முன் சீட்டில் யாரும் திரும்பவில்லை. அவரும் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பேரு இன்னா வெச்சிருக்கீங்க?"

"நான் போனாத்தான் வெப்பாங்க" என்றேன். நிஜமா பொய்யா, எனக்கே தெரியாது. செஞ்சி வந்துவிட்டது.