இருபத்தைந்தில் நின்ற கடல்

இன்று காலை சமையலறை ஜன்னலோரம் நின்று லாக்டோமீட்டரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிளை நிறுத்திய பால்காரர் அதைப் பார்த்துவிட்டார். "இன்னுமா அந்தக் குழாய வச்சிருக்கீக?" என்று குரல் தாழ்த்திக் கேட்டார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் நம் வீட்டில் ஒரு நாளும் பாலைத் தொட்டதில்லை. அதை நான் அவரிடம் சொன்னதில்லை. நீயும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். அவர் ஊற்றுகிற பால் இன்றைக்கும் கெட்டியாகத்தான் இருக்கிறது.

தூத்துக்குடியில் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ராயப்பன்பட்டிக்கு நீ வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? உன் அண்ணன் காலமான பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். உன்னோடு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் கேன் நிறையக் கடல் தண்ணீர், நெஞ்சோடு அணைத்த ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டியின் ஈர மணலில், சங்குக்குள் ஒடுங்கிய இரண்டு நண்டுகள். கான்வென்ட்டில் விலங்கியல் படித்தவள் அல்லவா, "துறவி நண்டு" என்று உடனே பெயர் சொன்னேன்.

"துறவியா? ஒரு வீடு பத்தலைன்னா அடுத்த வீட்டுக்குக் குடிபோறவன் துறவியா, மதினி? நல்லா வச்சாக பேரு!" என்று சிரித்தாய். நீ அவர்களுக்கு வைத்திருந்த பெயர் பெரியவர், சின்னவர்.

பெட்டியை நீ அறைக்குள் கொண்டுபோகவில்லை. வாசல் கதவோரமே வைத்தாய். "கொஞ்ச நாளு இங்கன இருந்து பாக்குறேன். ஒத்துக்கலைன்னா கடக்கரைக்கே போயிருவேன்" என்றாய். "உன் இஷ்டம்" என்றேன். வேறு என்ன சொல்வது? கெஞ்சிப் பழக்கமில்லாத நாக்கு என்னுடையது.

உன் நண்டுகளுக்கு இரண்டு கிண்ணம் வேண்டும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றொன்றில் கடல் தண்ணீர். இரண்டிலும் இறங்கி முங்கி, சங்குக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அவை கரையில் பிழைக்கின்றன. நீ கொண்டுவந்த கேன் தீரும்வரை எல்லாம் சரியாக இருந்தது. தீர்ந்ததும் அடுப்படிப் பொடி உப்பை அள்ளிக் கரைத்து வைத்தாய். அந்தக் கிண்ணத்தின் பக்கம் இரண்டும் போகவில்லை. பெரியவர் சங்கிலிருந்து பாதி வெளியே சரிந்து, மீசையைக்கூட அசைக்காமல் கிடந்தார்.

"இதுக போச்சுன்னா நானும் கெளம்ப வேண்டியதுதான், மதினி. உப்புக் காத்துல வளந்ததுகளுக்கு இந்த ஊரு ஒத்துக்காது" என்றாய். நண்டைச் சொல்கிறாயா, உன்னைச் சொல்கிறாயா என்று நான் கேட்கவில்லை.

குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற எதிர்வீட்டுக்காரர், அப்படியே கீழே இறங்கினால் மலையாளக் கடல்தான், ஒரு கேன் பிடித்து வருகிறேன் என்றார். "குடிக்கிற தண்ணிக்கே அவுககிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். கடல் தண்ணிக்கும் போய் நிக்கணுமா, அண்ணே?" என்று நீ கேட்டாய். தெருவே சிரித்தது. உன் கண் மட்டும் தொட்டியிலேயே இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நான் மதுரைக்குக் கிளம்பினேன். பொடி உப்பில் அயோடின் சேர்ப்பார்கள். இந்த உயிர்களுக்கு அது ஆகாது. கல்லுப்பும் போதாது. உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு கடலின் மற்றச் சத்தெல்லாம் போய்விடும். அதை உப்பளத்து ஊரில் இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலர் மீன் கடையில், கடல் மீன் வளர்ப்பவர்களுக்கென்று எல்லாச் சத்தும் சேர்த்த உப்புப் பொட்டலம் கிடைத்தது.

"எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு போட வேண்டும்?"

"அது ஒரு அளவாப் போட்டுக்கிடுங்கம்மா."

"ஒரு அளவு என்பது அளவே இல்லை, தம்பி."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய தொட்டி வச்சிருக்கவுக மிதக்குற மீட்டர் ஒண்ணு வச்சிருப்பாக. எங்கிட்ட இல்ல."

மிதக்கிற மீட்டர்! ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது எனக்குப் பொறி தட்டியது. கனமான தண்ணீரில் குழாய் உயர்ந்து மிதக்கும், லேசான தண்ணீரில் அமிழும். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் வாளித் தண்ணீரில் செய்து காட்டிய பாடம். நல்ல தண்ணீரின் கனம் ஆயிரம் என்றால் கடல் தண்ணீர் ஆயிரத்து இருபத்தைந்து. ஆயிரத்துக்கு மேல் எவ்வளவு என்று காட்டும் பால் குழாயின் கோடுகளும் அதே கணக்குத்தானே! தேனியில் இறங்கி, பால் கேன் விற்கும் கடைக்கு நான் நடந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முழங்கால் வலி என்று ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோயிற்று.

குளோரின் வாடை போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, நீளமான எவர்சில்வர் செம்பில் ஊற்றிக் குழாயை மிதக்கவிட்டேன். நீ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய்.

"பதினெட்டு! தண்ணீர் அதிகம்!" என்று உரக்கச் சொன்னேன்.

பால்காரர் வாசலில் வந்து நின்றதை நாம் இருவரும் கவனிக்கவில்லை. செம்பில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. என் கையும் குழாயும்தான் தெரிந்தன.

"அம்மா, நேத்துப் பேஞ்ச மழையில மாடு நனைஞ்சிருச்சும்மா... அதான்..."

"மாடு நனைஞ்சாப் பாலுமா நனையும், அண்ணே?" என்று நீ கேட்டாயே! அவர் அளந்த பாலுக்கு மேல் இன்னொரு ஆழாக்கு ஊற்றிவிட்டு சைக்கிளில் பறந்தார். நீ அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நான் இன்னும் ஒரு கரண்டி உப்பைக் கரைத்தேன். இருபத்தொன்று. இன்னும் கொஞ்சம். குழாய் ஆடி ஆடி நின்றது.

"இருபத்தஞ்சு!"

கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் மீசை ஆடியது. பிறகு ஒரு கால். பெரியவர் சங்கை இழுத்துக்கொண்டு கிண்ண விளிம்பில் ஏறினார், தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார், தொப்பென்று உள்ளே விழுந்தார். சங்கின் வாயிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது. "முங்குறாரு, மதினி! முங்குறாரு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். நானும் கத்தினேன் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னாய். இருக்கலாம்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் புதுத் தண்ணீர் கலப்பதும், நான் எண்ணைச் சொல்வதும் வழக்கமாயிற்று. அப்படி ஒரு சனிக்கிழமை டிரங்குப் பெட்டி கதவோரத்தில் இல்லை. ஸ்டூல் போட்டு அதைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாய்.

"ஒங்க வாயில 'இரு'ன்னு ஒரு வார்த்த வராதுன்னு அண்ணன் சொல்வாக. வாராவாரம் வருதே, மதினி" என்றாய்.

"அது எண்" என்றேன்.

"எண்ணுதான். எனக்கு மொத ரெண்டு எழுத்துப் போதும்."

உன் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது. சின்னவர் உனக்கு முன்பே போய்விட்டார். பெரியவர் பெரிய சங்குக்கு மாறி, இரவெல்லாம் தொட்டியைச் சுரண்டிக்கொண்டு சுகமாக இருக்கிறார். இன்றும் சனிக்கிழமை. குழாயைத் துடைத்துச் செம்பில் மிதக்கவிட்டேன். கேட்க ஆளில்லை என்று வாய்க்குள் முணுமுணுக்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. "இருபத்தஞ்சு!" என்று நீ எங்கிருந்தாலும் கேட்கும்படி உரக்கத்தான் சொன்னேன்.

தெருமுனை வரை போய்விட்ட பால்காரர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"சரியா இருக்காம்மா?"

"இருக்கு" என்றேன்.