எந்த ஆசிட் என்று சொல்லியிருக்கலாமே, அண்ணே

என் பிரியமுள்ள தாசன் அண்ணனுக்கு,

நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களை நினைத்தாலே கோபம் கோபமாக வருகிறது. அதை முதலில் கொட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் கண்ணை மூடியபின், உங்கள் வீட்டுக்காரி, எங்கள் மைனி, நெய்யூர் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரில் உங்கள் மகளோடு இருக்கப் போகிறார்கள். மாடி அறையில் நீங்கள் அடுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம், "நீங்களே பிரிச்சு எடுத்துக்கிடுங்க மக்கா" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மாடியில் கூடிய எங்களிடம் விட்டுவிட்டார்கள். ஒன்றை மட்டும் தனக்குக் கேட்டார்கள், அந்தப் பச்சைத் திரைக்காரனை. கேசட்டைப் போட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்தவிட்டால் பாம்பு விளையாட்டு வருமே, அதேதான். மைனிக்கென்று நீங்களே எழுதிய விளையாட்டு. அதில் பாம்பு முள்ளுத் தோலோடு சக்கப்பழம் தின்னும். நீங்கள் ஒரு நாளாவது மைனியை ஜெயித்ததுண்டா?

"அங்க எனக்கு யாரைத் தெரியும்? மக வேலைக்குப் போயிருவா. இதைத் தட்டிக்கிட்டாவது கெடப்பேன்" என்றார்கள். அப்போது அவர்கள் சிரித்ததைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சுவிட்சைப் போட்டோம். திரை வரவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே பேட்டரி ஒழுகி போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. "இதை நான் தொடைச்சுக் கொண்டாரேன்" என்று ஸ்டீபன் வீட்டுக்கு எடுத்துப் போனான். குலசேகரத்து ரப்பர்க்காரன், நம் ஸ்டீபன். பவர் சப்ளை என்றால் புலி, மற்றதில் அவசரக்குடுக்கை.

"இத்திரி, ஒரு சொட்டு, ஆசிட் தொட்டுத் தொடைச்சா எல்லாம் போவும்" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்வீர்கள். நீங்கள் ஆசிட் என்றது, மைனி ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருக்கும் வினிகரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியும். மறு மூலையில் டிரான்ஸ்பார்மரைக் கட்டிக்கொண்டு கிடந்தவனுக்கு எப்படித் தெரியும்? குலசேகரத்தில் ஆசிட் என்றால் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்தான். வேறொன்றை அங்கே யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள்.

அவன் அதைத் தண்ணீரில் கலக்கி, போர்டை ஒரு பகல் முழுக்க ஊறப் போட்டுவிட்டான். பச்சை போயிற்று. கூடவே செம்புக் கோடுகளும் பாதி போயின.

தக்கலையில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, பேப்பரில் பொதிந்த போர்டை மேசையில் வைத்தான். "அண்ணன் ஆசிட்டுன்னுதானக்கா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள். மும்பையில் இன்ஜினியராக இருந்துவிட்டு, சுனாமிக்கு அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பி, கடைக்காரி, தோட்டக்காரன் என்று பார்க்காமல் எங்களைக் கூட்டி வைத்து ஒவ்வொரு சிப்பாகப் புரியவைத்த மனுஷனுக்கு, வினிகர் என்ற வார்த்தை மட்டும் வாயில் வராதா?

மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டும் இல்லை. அதனால் ஸ்டீபன் தினமும் கடைக்கு வந்தான். அரித்துப்போன கோடுகளுக்குப் பதிலாக, முடி கனத்தில் வயர் எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். ஒன்றை ஒட்டினால் பக்கத்தில் இருப்பது கழன்று வரும். ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவருக்கு முன்பக்கத்தையே இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்துவிட்டேன், போய்விட்டுத் திரும்பி வந்து கத்தினார். நீங்கள் இருந்திருந்தால், "எதுக்குட்டி வெப்ராளப்படுகே, பைய பாரு" என்றிருப்பீர்கள். எப்படி அண்ணே பதறாமல் பைய பார்ப்பது? மைனிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நீங்களும் இல்லை. யாரிடம் கேட்பது?

நேற்று சாயங்காலம் நெய்யூருக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். திரை வந்தது. கேசட் கத்தியது. பாம்பும் வந்தது. மைனி புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேலே போயிற்று, கீழே போயிற்று, வலப்பக்கம் போயிற்று. இடப்பக்கம் மட்டும் என்ன தட்டியும் திரும்பவில்லை.

ஸ்டீபன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான். மைனி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்கள்.

"தொறக்காதீங்க."

"ஒரு வயருதான் மைனி. ஒரு மணிக்கூர் தாங்க, செரியாக்கிருவோம்" என்றேன்.

"வேண்டாம் மக்கா. வலத்தால ஓடி அந்த ஓரத்தில மறைஞ்சா, இந்த ஓரத்தில வருதுல்லா. நான் சுத்திப் போய்க்கிடுவேன்."

அப்படியே சுற்றிப் போய் இரண்டு சக்கப்பழம் தின்றுவிட்டார்கள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்கள், "எல்லாத்தையும் செரியாக்கித் தந்துட்டா, பெறவு நீங்க எதுக்கு பெங்களூர் வரப் போறீங்க?"

ஸ்டீபன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டான். நான் வயரைச் சுருட்டுகிற மாதிரி குனிந்து அழுதேன். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மாடிக்குக் கட்டன்காப்பி கொடுத்துவிட்ட மைனிக்கு, எங்களைப் பார்க்க இப்படி ஒரு சாக்கு தேவைப்பட்டுவிட்டது. உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கோளாறோடு எதையும் கையை விட்டு அனுப்பக்கூடாது என்பீர்கள். அனுப்பிவிட்டோம், அண்ணே. பொங்கலுக்கு முன்னால் நானும் ஸ்டீபனும் பெங்களூர் போவோம். மூடியைத் திறப்போம், தலையைச் சொறிவோம், காபி குடிப்போம், "இன்னும் கொஞ்சம் வேலை கெடக்கு மைனி" என்று சொல்லி மூடி வைத்துவிட்டு வருவோம். அதற்கடுத்த தடவையும் அப்படியேதான். உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், மைனி இருக்கும்வரை அந்தப் பாம்பு இடப்பக்கம் திரும்பாது.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை மீறிய தங்கச்சி,
செல்வி