கடல் எடுக்காத கால்

12 ஆகஸ்ட் 2011, வெள்ளி

விடியவே வறண்ட கச்சான் காற்று. கண், வாய் எல்லாம் மண். தையல் கடைப் பெண்கள் ஆறு பேரையும் வான் வண்டியில் ஏற்றி பாசிக்குடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு ஹோட்டலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு காட்சியகம். வீட்டுச் சாமான்கள் பார்க்க. பார்த்தால் புது டிசைன் யோசனை வருமாம், கடைக்கார அக்கா சொன்னா.

ஒரே மண்டபம். நல்ல ஏசி. கரி போடும் ஸ்திரிக்கைப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, சைக்கிள் டைனமோவில் பாடும் ரேடியோ, ஜாம் போத்தல் விளக்கு. எங்களோடு வந்த சுகந்தி எல்லாவற்றையும் தொட்டு ஏச்சு வாங்கினாள்.

கடைசிச் சுவரில் என் கால்.

என் முதல் பொய்க்கால். மாங்கேணியில் சண்டைக்குள் செல் குண்டு விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு அண்ணன் செய்தது. அப்போது சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டின வீடு அரைகுறையாக நின்றது. கக்கூசுக்கென்று வந்த பைப்பை வெட்டி, நெருப்பில் இளக்கி வளைத்தான். அடியில் ரப்பர் செருப்பு. பள்ளிக்கூடப் பையின் வார். இரண்டு வருஷத்துக்கு மேல் அதில்தான் நடந்தேன்.

சண்டை முடிந்த வருஷம் சரியான கால் கிடைத்தது. பழையதை, புதுக் கால் தந்த நிலையத்திலேயே கொடுத்தேன். புதுசுக்குக் காத்திருக்கிற யாராவது போட்டு நடக்கட்டும் என்று. சுவரில் தொங்க அல்ல.

கீழே அட்டை: "சுனாமியில் காலை இழந்தவருக்காக, கரை ஒதுங்கிய பொருட்களால் ஆனது. செய்தவர் தெரியவில்லை."

சுனாமியாம்.



13, சனி

கறி அடிப்பிடித்தது. அண்ணனிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "விடு புள்ள. எங்கயோ கிடந்திட்டுப் போகட்டும்" என்றான்.

"உன்ர கையால செஞ்சது. கடல் எடுத்ததாம் எண்டு எழுதியிருக்கானுகள்!"

"அதுக்கு என்ன செய்யச் சொல்றாய்? அதைக் கண்டா ஆசுபத்திரியில நீ கத்தினதுதான் எனக்குக் கேட்கும்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான். அவனிலும் எனக்குக் கோபம்.

15, திங்கள்

சுகமில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டுக் காட்சியகத்துக்குத் தனியே போனேன். பஸ்ஸில் சீட் இல்லை. ஒருத்தனும் எழும்பவில்லை. சனியன்கள்.

பொறுப்பாளர் இளம் பொடியன். கொழும்பில் படித்தவராம். இருக்கக் கதிரை தந்தார், சோடா தந்தார், பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டார். மரியாதைக்குக் குறைவில்லை. அது இன்னும் எரிச்சல்.

"தங்கச்சி, இது உங்கட எண்டா எங்களுக்கும் பெருமைதானே. பக்கத்தில நில்லுங்க, ஒரு போட்டோ எடுப்பம்."

"போட்டோ வேணாம். அட்டையை மாத்துங்க. செல் விழுந்து போன கால் எண்டு எழுதுங்க."

கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சுனாமி எண்டா ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டாங்க. மத்ததை எழுதினா மறுகா விசாரிக்க ஆரார் வருவாங்க எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப காலைத் தாங்க."

"அது ஏலாது. உங்கட எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

அதற்குப் பிறகு நான் ஒன்றும் யோசிக்கவில்லை. நேரே போய்ச் சுவரிலிருந்து கழற்றினேன். நிலத்தில் உட்கார்ந்து, பாவாடையை உயர்த்தி, புதுக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளைக்காரச் சோடி ஒன்று விறைத்துப்போய் நின்றது. பைப்புக்குள் காலை வைத்தேன். நான் மெலிந்துவிட்டேன் போல, லொடலொடத்தது. சால்வையைச் சுருட்டித் திணித்து வாரை இழுத்துக் கட்டினேன். வார் பழைய ஓட்டையிலேயே நின்றது.

"இந்தாங்க அத்தாட்சி."

புதுக் காலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். வாசலில் காவலுக்கு நின்ற மனுசன் ஒன்றும் கேளாமல் கேற்றைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸில் அழுகை வந்தது. கோபத்தில்தான்.

16, செவ்வாய்

தோல் உரிந்து இரத்தம். எந்தக் காலும் போட ஏலாது. அண்ணன் பைப்பைத் தூக்கிப் பார்த்தான், விளிம்பைத் தடவினான். "இந்த இடம் நல்லா அராவேல்ல நான்" என்றான். ஏசவில்லை.

பத்து மணிபோல் போன். அந்தப் பொடியன்தான். காலைத் திருப்பித் தராவிட்டால் பொலிசில் சொல்ல வேண்டி வருமாம். என் கையிலிருந்த போனை அண்ணன் பறித்தான்.

"அவ வீட்டில இல்லை" என்றான், பாயில் கிடந்த என்னைப் பார்த்தபடி. "நடந்து போயிட்டா."

வைத்துவிட்டு, புண்ணுக்குப் பிளாஸ்டர் வாங்கச் சைக்கிளை எடுத்தான்.