ஜெசியின் ஒறுத்தலும் என் ஏசியும்

மார்ச் 11, திங்கள்

விடியவே வேர்வை. சவரம் எடுத்து முடிய முதலே சேட் முதுகோடு ஒட்டிவிட்டது. ரேடியோவில் இன்றும் எச்சரிக்கை: வெயிலில் நிற்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள். சொல்கிறவர் ஏசி அறைக்குள் இருந்துதான் சொல்லியிருப்பார்.

எங்களுடையது மாடி வீடு. மேலே தகரச் சீற் கூரை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் எங்கள் தலையில் கக்கும். அடுப்படி அதைவிட மோசம். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு. கொட்டாஞ்சேனையில் இந்த வாடகைக்கு வேறு என்ன கிடைக்கும்.

செய்ய வேண்டியவை: மாமாவின் மூச்சிழுப்புக்குப் பம்ப் மருந்து. தேசிக்காய். ஸ்டாண்ட் ஃபானின் கழுத்து தானாகவே தொங்குகிறது, திருத்தக் கொடுக்க வேண்டும். (போன மாதமும் இதையே எழுதியிருக்கிறேன்.)

ஏழரைக்குத்தான் கப்பல் கொம்பனி ஒஃபிஸால் இறங்கினேன். வேலை? ஒரு மண்ணும் இல்லை. ஐந்து மணிக்கு எல்லாரும் போய்விடுவார்கள். கொம்பியூட்டர்ப் பெட்டிகள் சூடாகக் கூடாது என்று உள் அறை ஏசியை மட்டும் நிறுத்துவதில்லை. அதற்குள் போய், சப்பாத்தைக் கழற்றி, மற்றக் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டு, ஃபோனில் பழைய கிரிக்கெட். அப்படியே ஒரு தூக்கம். சொர்க்கம்.

மனைவி ஜெசியிடம் சொல்லியிருப்பது: "கப்பல் வேலை கூடிப்போச்சு. ஆள் காணாது."

மார்ச் 12, செவ்வாய்

ஜெ. வழக்கம்போலக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் வந்தாள். குடை பிடித்தும் முகம் கருகிப்போய்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கிய அன்று மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து, யார் எதை விடுவது என்று சொன்னோம். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். மாமா, அதாவது ஜெ.யின் அப்பா, சீனியை விட்டார். நான் சாராயத்தை. (டொக்டர் போன வருஷமே நிறுத்தியதைத்தான் ஆண்டவருக்குக் கொடுத்தேன். அவருக்கும் தெரியும்.) ஜெ. மட்டும், "நான் பிறகு சொல்லுறன்" என்றாள். சொல்லவே இல்லை.

இன்று சாப்பிடும்போது ஃபானை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொல்கிறாள்: "நான் ஃபானை விட்டிட்டன்."

"என்னத்தை?"

"ஃபான் காத்தை. போன கிழமை துடக்கம். பகலில எனக்கெண்டு போடுறேல்லை, இரவிலையும் என்ர பக்கம் திருப்புறேல்லை. உங்கட வேலைப்பாரம் குறையவேணும் எண்டு ஒப்புக்குடுத்திருக்கிறன். இந்த வயசில எட்டு மணிக்கு வீடு வாற மனுசன் வேற ஆர்?"

"உமக்கென்ன லூசோ? இந்த வெக்கையில ஆராவது ஃபானை விடுவினமோ? இறைச்சியை விடும். தேத்தண்ணியை விடும்."

"வெக்கையில விட்டாத்தானேப்பா அது ஒறுத்தல்."

எங்கள் சனத்தின் நம்பிக்கை அது: ஒருவர் படுகிற கஷ்டத்தை இன்னொருவர் பேரில் ஆண்டவரிடம் கொடுக்கலாம். அவள் எனக்காக வேகிறாள். நான் கதிரையில் காலைப் போட்டுக்கொண்டு குறட்டை.

சோறு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

மார்ச் 13, புதன்

ஐந்து மணிக்கே வீட்டுக்கு என்று முடிவு. இறங்கியும் விட்டேன். கோட்டை ரோட்டில் தார் உருகிச் சப்பாத்தில் ஒட்டுகிறது. பஸ் வந்தது. கதவில் சனம் வௌவாலாய்த் தொங்குகிறது. உள்ளே இருந்து ஓர் அனல் வந்து முகத்தில் அடித்தது பாருங்கள், அவ்வளவுதான். திரும்பிவிட்டேன்.

வாசலில் செக்யூரிட்டி சிறிபால சிரித்தான்: "சேர், கெதர யன்னே நெத்த?" வீட்டுக்குப் போகவில்லையா என்கிறான்.

"வெட தியெனவா" என்றேன். வேலை இருக்கிறதாம். சிங்களத்திலும் பொய் சொல்லியாயிற்று.

வீட்டில் ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் மூடிவைத்திருந்தாள். "முதல்ல இதைக் குடியுங்கோ, களைச்சுப் போய் வந்திருக்கிறியள்." குடித்தேன். சவம், இனித்தது.

மார்ச் 15, வெள்ளி

ஊரே வெந்து சாகிறது, எனக்குத் தடிமன். மூக்கால் குழாய்த் தண்ணீர்போல் ஓடுகிறது. ஏசி வாயை நேரே என் தலைக்குத் திருப்பிவிட்டுத் தூங்கினால் வேறென்ன வரும்?

மாமாவுக்கு ஆச்சரியம். "இந்த வெக்கையிலயும் மனுசனுக்குத் தடிமன் பிடிக்குமோ?"

"வேர்க்க வேர்க்க ஓடித் திரியிறார் பப்பா. அந்த வேர்வை நெஞ்சில சுவறியிட்டுது" என்றாள் ஜெ. எனக்காகக் காரணமும் அவளே கண்டுபிடித்துத் தருகிறாள்.

உடனே கொத்தமல்லி அவிக்கப் போய்விட்டாள். இஞ்சி தட்டி, அந்த அடுப்படியில், அந்தச் சீற்றுக்குக் கீழே, அரை மணித்தியாலம். வெளியே வரும்போது முகம் செம்பரத்தம்பூ. கழுத்தெல்லாம் வேர்க்குரு, அதற்குமேல் திட்டுத் திட்டாய்ப் பவுடர். கோப்பையை ஊதி ஊதித் தந்தாள்.

பின்னேரம் சிலுவைப்பாதைக்கும் போனாள். நான் போகவில்லை. தடிமனாம்.

மார்ச் 17, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோ கேட்க ஜெ. சொல்கிறாள்: "இவர் பாவம், வேலையில உருகிப்போறார்." நான் என் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் கரண்ட் போனது. மூவரும் ஹோலில் ஈரத் துவாயோடு. மாமாவுக்கு இழுக்கத் தொடங்க, பழைய கலண்டர் அட்டையால் விசிறினேன். அப்படியே ஜெ.யின் பக்கமும் இரண்டு வீச்சு. என் மணிக்கட்டைப் பிடித்து மாமாவின் பக்கம் திருப்பிவிட்டாள்.

"எனக்கு வேண்டாம். அதுவும் காத்துத்தானே."

பிறகு தணிந்த குரலில்: "குளிர்தண்ணியையும் விட்டிட்டன். உங்களுக்கு இப்ப வருத்தமும் வந்திட்டுது. ஃபான் மட்டும் காணாது போல."

ஐயோ. என் தடிமனுக்கும் சேர்த்து.

"பச்சைத்தண்ணியாவது குடிக்கிறீரோ?"

"குடிக்கிறன், குடிக்கிறன்." அவள் குடிப்பதை நான் காணவில்லை. தாங்கியில் இருந்து வரும் தண்ணீர் கொதித்த தண்ணீர்போல் வருகிறது, அதை யார் குடிப்பார்.

மார்ச் 19, செவ்வாய்

சொல்லிவிட வேண்டும். எப்படி?

1. "இனி வேலை குறைவு" என்று சொல்லிவிட்டு நேரத்தோடு வருவது. (பொய். ஆனால் நல்ல பொய்.)
2. சிரித்துக்கொண்டு, பகிடிபோல.
3. மாமா தூங்கியபிறகு, நேராக.
4. ஒஃபிஸ் ஏசி பழுதாகட்டும் என்று மன்றாடுவது.

நாலாவதைத்தான் உண்மையாகச் செய்தேன். ஏசி நன்றாகவே வேலை செய்தது. ஏழரை வரை இருந்து பார்த்தேன்.

நான் ஒரு நாய்.

மார்ச் 20, புதன்

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து விளங்குமோ தெரியாது.

ஃபோனைச் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டுத் தூங்கியிருந்தேன். எழும்பிப் பார்த்தால் மாமாவின் அழைப்புகள் வரிசையாக. எடுத்தேன். அவருக்கு மூச்சு வாங்குகிறது. "தம்பி, பிள்ளை விழுந்திட்டாள். என்னால தூக்க ஏலேல்லை."

அடுப்படியில் விழுந்திருக்கிறாள். எனக்குக் கொத்தமல்லி வைத்துக்கொண்டு நின்றபோது. மாமா தடியால் நிலத்தில் தட்டித் தட்டிக் கீழ் வீட்டு ஃபரீனாவைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் நோன்போடு ஓடிவந்து, அடுப்பை அணைத்து, ஜெ.யைத் தாங்கிப் படியிறக்கி, த்ரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

நான் போகும்போது ஃபரீனா வாசலில். "அங்கிள், எத்தின கோல் எடுத்த. நீங்க எடுக்கவே இல்லயே." வேறொன்றும் கேட்கவில்லை. நான் "மீட்டிங்" என்றேன். அந்த நேரத்திலும் வாயில் அதுதான் வந்தது.

வார்ட் கதவடியில் நின்று கேட்டேன், ஜெ. தாதியிடம் சொல்வதை: "மிஸ், அவருக்கு ஒண்டும் பெரிசாச் சொல்லாதேங்கோ. வேலையில நிண்டு களைச்சு வருவார்."

சேலைன் ஏறுகிறது. உதடு வெடித்திருக்கிறது. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு ஏசினார். உடம்பில் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை, வீட்டில் யாரும் பார்ப்பதில்லையா என்று. இன்னொருமுறை இப்படி விழுந்தால் சிறுநீரகம் தாங்காது என்றார். தலையாட்டினேன்.

உள்ளே போனேன். என் கையைப் பிடித்தாள். அந்த வார்டில் நல்ல ஏசி. ஜெ. குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்கிறாள்:

"இஞ்சேருங்கோ, இந்த ஏசி கணக்கில வராதுதானே? நான் கேட்டு வரேல்லையே. அவையள் கொண்டுவந்து விட்டது."

"வராது" என்றேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 21, வியாழன்

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. லீவு போட்டேன். ஃபானை அவள் பக்கம் வைத்தேன். கையை நீட்டி நிறுத்திவிட்டாள்.

"டொக்டர் சொன்னது காதில விழேல்லையோ?"

"தண்ணி குடிக்கிறன். ஜீவனி உப்புத்தண்ணியும் குடிக்கிறன். ஃபான் இல்லாமல் வாற பெரிய கிழமை வரைக்கும்தானே. இடையில விட்டால் இவ்வளவு நாளும் பட்டது முழுக்க வீண்."

நான் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த இடத்தில் என்ன செய்தேன்? பட்டியலில் முதலாவதை எடுத்தேன். வேலை குறைந்துவிட்டது, புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள், இனி ஐந்தரைக்கே வீடு, உமது மன்றாட்டைக் கேட்டுவிட்டார், இனி ஃபானைப் போடும் என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் சிலுவை போட்டாள். கண்ணால் தண்ணீர். உடம்பில் இல்லாத தண்ணீர்.

"பாத்தீங்களோ! நான் சொன்னனான்தானே. அப்ப இனி விடவே கூடாது. நன்றிக்கு உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இருக்கவேணும். தண்ணியையும் குறைக்கலாம்."

நல்ல பொய்யாம். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள், இங்கே கெடுகுடி நான்.

மார்ச் 22, வெள்ளி

ஐந்தேகாலுக்கு வீடு. இனி அப்படித்தான். ஆனால் அதனால் அவளுக்கு என்ன? நான் வந்து ஃபானுக்கு முன்னால் இருக்கிறேன், அவள் சுவரோரம் பாயில், கண்ணை மூடிக்கொண்டு, செபமாலையோடு. நெற்றியில் வேர்வை உருண்டு காதுக்குள் போகிறது. துடைக்கிறாளும் இல்லை.

இரண்டுமுறை எழும்பி நின்றாள், இரண்டுமுறையும் சுவரைப் பிடித்தாள்.

நாளைக்கு. சத்தியமாக நாளைக்கு.

மார்ச் 23, சனி

மத்தியானம். சீற் படபடவென்று வெடிக்கிற வெயில். மாமா ஃபானுக்கு முன்னால் கண்ணயர்ந்திருந்தார். ஜெ. கீரை ஆய்ந்துகொண்டு நிலத்தில்.

அவளுக்கு முன்னால் போய்க் குந்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் வேலை இல்லை. ஆள் குறைவும் இல்லை, புது ஆளும் இல்லை. உள் அறை. கதிரை. கால். கிரிக்கெட். தடிமன் எதனால் வந்தது. விழுந்த அன்று ஃபோன் ஏன் எடுக்கவில்லை.

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு கை நின்றது.

"நல்ல குளிரோ அங்க?"

"ஓம்."

"போர்க்கிறதுக்கு ஏதும் வைச்சிருந்தீங்களோ?"

"இல்லை."

"அதுதான் தடிமன்."

ஏசியிருக்கலாம். கீரைச் சுளகால் தலையில் ஒன்று போட்டிருக்கலாம். எழும்பினாள், சுவரைப் பிடித்தபடி நடந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து எனக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கதவைச் சாத்தாமல் அந்தக் குளிரிலேயே நின்று, அண்ணாந்து, முழுவதையும் குடித்தாள். சட்டை எல்லாம் நனைந்தது. நான் போத்தலை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. தானே நிரப்பி உள்ளே வைத்தாள்.

பிறகு ஹோலுக்குப் போனாள்.

"பப்பா, கொஞ்சம் தள்ளி இருங்கோ. எனக்கும் காத்துப் படட்டும்."

மாமா திடுக்கிட்டு எழும்பி, "ஏன் பிள்ளை, தபசுகாலம் முடிஞ்சிட்டுதோ?" என்றார்.

"எனக்கு முடிஞ்சிட்டுது."

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

மழை வரும் என்கிறார்கள். வரவில்லை.

நேற்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. கோயிலில் குருத்தோலையை மாமாவிடம் கொடுத்தாள், என்னிடம் தரவில்லை. வந்ததும் உடுப்பு மாற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். மத்தியானச் சமையல் நான். சோறு, பருப்பு, கருவாடு. அந்த அடுப்படியில் கால் மணித்தியாலம் நிற்க முடியவில்லை. கண்ணுக்குள் வேர்வை இறங்கிக் கருவாடு கரிந்தது. இங்கே நின்றுதான் எனக்குக் கொத்தமல்லி அவித்தாள்.

உள்ளே இருந்து குரல்: "இஞ்சேருங்கோ."

ஓடினேன். கரண்டியோடு.

ஃபானின் கழுத்து மறுபடி தொங்கி நிலத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது. ஜெ. கண்ணைத் திறக்கவில்லை.

"உங்கட ஒறுத்தல் சாராயம்தானே?"

"ஓம்."

"அது டொக்டர் நிப்பாட்டினது."

ஃபானின் கழுத்தைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே வைத்தேன். கையை எடுத்தால் விழுகிறது. மறுபடி தூக்கினேன்.

"விடாமல் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் கொஞ்சம் நித்திரை கொள்ளப்போறன்."