தோல் மட்டும் நகர்ந்தால் போதும்

மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனை விட்டுப் போனவரை அண்ணி என்று கூப்பிடலாமா, தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் வாயில் வராமல் இருந்த சொல், பேனாவில் தானாக வந்துவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினாலு மாதத்துக்கு முன் எனக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று மார்பையே எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களும் போயின. இப்போது நோய் இல்லை என்கிறார் டாக்டர். ஆனால் வெயில் ஏற ஏற இடது கை வீங்குகிறது. காலையில் சட்டைக் கை சரியாக இருக்கும், சாயங்காலம் தையல் பிரிகிற மாதிரி இறுக்கும். நான் இன்னும் அதே பேக்கரியில்தான் இருக்கிறேன். அடுப்பு முன்னால் நின்று மாவு பிசைகிறவளுக்குக் கை இப்படி ஆனால் என்ன செய்வது சொல்லுங்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். கோடைகால உடல்நலம், கை கால் வீக்கத்துக்கு நிணநீர் மசாஜ் என்று போட்டிருந்தது. படத்தில் முகம் இல்லை, இரண்டு கை மட்டும். வலது கட்டைவிரலில் அலமாரிக் கதவு நசுக்கிய தழும்பு. யார் கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கீழே விலாசமும் போன் நம்பரும் இருந்தன. என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்களோ என்று பயந்து எழுதுகிறேன். கடிதத்தையாவது முழுக்கப் படித்துவிட்டுக் கிழிப்பீர்கள்.

உங்கள்
வாலு

ஏப்ரல் 6

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. விவரங்களைத் தெரிவித்ததற்கு நன்றி.

முதலில் உங்கள் டாக்டரிடம் மசாஜுக்கு அனுமதி வாங்குங்கள். வீக்கம் ஏன் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். வீக்கம் ஏறாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை ஆஸ்பத்திரியிலேயே அளவெடுத்துத் தருவார்கள், வேலை நேரத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிணநீர் தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகிறது. ஆகவே அமுக்கக் கூடாது. விரல்களை வைத்துத் தோலை மட்டும் மெதுவாக நகர்த்தி விட வேண்டும். வலித்தால் தவறாகச் செய்கிறீர்கள் என்று பொருள். வீங்கிய கையில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் வயிறு நிறைய நாலைந்து மூச்சு. பிறகு கழுத்து, பிறகு வலது அக்குள். நீர் போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தயார் செய்த பின்பே, மார்புக்குக் குறுக்கே இடமிருந்து வலமாக வழி காட்ட வேண்டும். கை கடைசியில். முதுகுப் பக்கம் உங்களுக்கு எட்டாது, வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்வது அவசியம்.

வெயிலுக்கு முன் நடந்துவிடுங்கள். தோல் வறண்டு வெடிக்க விடாதீர்கள். கொசுக்கடி, சூட்டுக்காயம் எதுவும் அந்தக் கைக்கு ஆகாது. தோல் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ மசாஜை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது.

இப்படிக்கு,
நிணநீர் சிகிச்சையாளர்

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்', 'உங்கள்'. என்னைப் போய் நீங்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த முதல் நாளே என்னை வாடி என்று கூப்பிட்டவர் நீங்கள். கை வீக்கத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. சரி, எனக்கு வேண்டியதுதான்.

டாக்டர் சரி என்றார். உறை வந்துவிட்டது. அதைப் போடுவதற்குள் உயிர் போகிறது, பேக்கரி முதலாளியம்மாவும் நானும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறுகிறது. அடுப்பு வேலை வேண்டாம், முன்னால் நின்று ரொட்டி விற்று, கேக்கில் பெயர் எழுது என்று சொல்லிவிட்டார். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். ஒரு குழந்தையின் பெயர் நேற்று வேறு குழந்தையின் பெயராகிவிட்டது.

அமுக்காமல் தொடுவதுதான் வரவில்லை. இருபது வருஷமாக மாவை அடித்துத் துவைத்த கை. ஒரு உருண்டை மாவை வைத்து, மேல் பரப்பு மட்டும் நகர்கிறதா என்று பழகினேன். நாலைந்து நாளிலேயே மணிக்கட்டு எலும்பு கொஞ்சம் தெரிகிறது. ரொம்ப நாள் கழித்துப் பார்த்ததில் சந்தோஷம் தாங்கவில்லை.

முதுகுக்குத்தான் ஆள் இல்லை. இவர் இருக்கிறார், ஆனால் இவரிடம் கேட்க முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் இவருக்குக் காட்டவே இல்லை. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு உடை மாற்றுகிறேன். இவரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது நல்லதற்கு என்றுதான் இத்தனை நாள் ஓட்டுகிறேன்.

உங்கள்
வாலு

ஏப்ரல் 23

வாலு,

உனக்கு மூளை இருக்கிறதா? பதினாலு மாதமாகத் தாழ் போட்டுக்கொண்டு உடை மாற்றுகிறாளாம். திருடியா நீ?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். வீட்டில் யாருக்கும் காட்டாததை முன்பின் தெரியாத என்னிடம் காட்டிவிட்டு, மேஜையில் படுத்து அழுவார்கள். நான் வாரத்துக்கு இரண்டு முறைதான் கிடைப்பேன். வீட்டில் இருப்பவர் தினமும் கிடைப்பார். இதைத்தான் அவர்களிடம் சொல்வேன்.

உன் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிற மனுஷர், கை கனமாகத்தான் இருக்கும். முதல் நாள் நகத்தை வெட்டச் சொல். முதுகெலும்பைத் தாண்டி இடமிருந்து வலப்பக்கம், அவ்வளவுதான். படம் வரைந்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது முதுகு, பலாப்பழம் இல்லை. சிரிக்காதே.

கேக்கில் எழுதுவதற்கு முன் தட்டில் ஒரு தடவை எழுதிப் பழகு. இதையெல்லாமா நான் சொல்ல வேண்டும்?

அண்ணி

மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருக்கு விடுமுறை. உங்கள் இரண்டு கடிதங்களையும் படத்தையும் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். படித்து முடித்தவர் எழுந்து போய் நகம் வெட்டிக்கொண்டு வந்தார். படத்தை ஜன்னல் கம்பியில் சொருகிவைத்தார். ரூட் பார்க்கிறாராம்.

முதுகு முடிந்தது. பிறகு நானே திரும்பினேன். எப்படித் துணிந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நெனச்சு வச்சிருந்தேன்."

ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றேன்.

"நீ தாழ்ப்பாள் போடுற சத்தம் கேக்குமே. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

இரண்டு பேரும் அழுது முடித்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தோம். அதற்குப் பிறகு தினமும் டிப்போவுக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம் எனக்காக ஒதுக்குகிறார். முதலில் ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரிதான் இருந்தது. இப்போது பரவாயில்லை.

இன்னொன்று எழுத வேண்டும் என்று இருக்கிறேன். இன்றைக்குத் தைரியம் போதாது. அடுத்ததில் எழுதுகிறேன்.

உங்கள்
வாலு

ஜூன் 4

வாலு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. நான் போட்ட பதிலுக்கும் ஒன்றும் இல்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். கை எப்படி இருக்கிறது? இரண்டு வரி எழுது. கோபம் என்றால் அதையாவது எழுது.

அண்ணி

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

மே இருபத்தொன்று காலையில் எனக்குக் குளிர்வது மாதிரி இருந்தது. அந்த வெயிலில் குளிர். தூக்கம் போதவில்லை என்று நினைத்துப் படுத்துக்கொண்டேன். இவர் வழக்கம்போல முதுகுப் பக்கம் கை வைத்தவர், எடுத்துவிட்டார். மேல்கைக்குப் பின்னால், எனக்குக் கண்ணாடியிலும் தெரியாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது என்றார். சாயங்காலம் பார்க்கலாம், வேலைக்குப் போங்கள் என்றேன். கேட்கவில்லை. டிப்போவுக்குப் போன் செய்து லீவு சொன்னார். "மறுநாள்னு தள்ளக் கூடாதுன்னு அண்ணி எழுதியிருக்காங்க, கெளம்பு" என்றார்.

போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் நூற்று மூன்று. தோலுக்குள் கிருமி புகுந்து பரவியிருந்தது. விரலிடுக்கில் சின்ன வெடிப்பு, அதன் வழியாக. ஊசியும் மருந்துமாக ஒன்பது நாள் வைத்துக்கொண்டார்கள். ராத்திரி வரை விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது நன்றாக இருக்கிறேன். பேனா பிடிக்க இத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் பொய். பயந்துகொண்டுதான் எழுதவில்லை. படுக்கையில் கிடந்தபோது மனசில் ஓடியதை எழுதாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை.

நீங்கள் மசாஜ் படிக்கப் போகிறேன் என்றபோது அண்ணன், போனால் திரும்பி வராதே என்றான். நீங்கள் பெட்டியோடு வாசலுக்கு வந்தீர்கள். அவனாவது அத்தோடு நிறுத்தினான். நான்தான் பின்னாலேயே வந்து, "கண்டவங்க உடம்பத் தொடுற கை இனிமே எங்க வீட்டுல எதையும் தொடக் கூடாது" என்று சொன்னேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது. தெரிந்துதான் சொன்னேன். உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னேன்.

அந்தக் கை எழுதி அனுப்பியதால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இதற்கு நீங்கள் பதில் போடாவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

உங்கள்
வாலு

ஜூன் 20

என் வாலு,

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. எட்டு வருஷம் அந்த வார்த்தை என்னோடு இருந்திருக்கிறது. புதிதாக ஒருவர் மேஜையில் வந்து படுக்கும்போதெல்லாம், கை வைப்பதற்கு முன் ஒரு நொடி காதில் கேட்கும். அதற்கு ஒரே கடிதத்தில் கணக்கு முடிக்க எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் பொய் எழுதவும் விருப்பமில்லை.

ஆனால் இதையும் கேள். நீ பதில் போடாத நாட்களில் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் மூன்று மாடி இறங்கிப் போய்க் கீழே நின்றேன். காத்திருந்தவர்களிடம் ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போவேன். நான்கு நாள் அப்படி நின்ற பிறகு தபால்காரரே, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். என் நாத்தனாருக்கு என்றேன். முன்னாள் என்று சேர்க்க வாய் வரவில்லை.

ஜூலை இரண்டாம் தேதி வண்டிக்கு உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் டிக்கெட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மூன்று வாரம் இங்கே இருக்க வேண்டும். கடிதத்தில் எத்தனை நாள்தான் வைத்தியம் பார்ப்பது? உன் கையை நான் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, உறையைப் போட்டுக்கொண்டு வா. வண்டியில் ஜன்னலோர வெயிலில் உட்காராதே.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டு வா. எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், எதற்குப் போகிறாய் என்று எல்லாவற்றையும் சொல். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீ மறைத்தது போதும்.

ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். முடி முழுக்க நரைத்துவிட்டது, வேறு யாரையாவது கட்டிக்கொண்டு நிற்காதே.

அண்ணி